சட்டியைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

பாத்திரங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எந்த உலோகம் நல்லது?" என்ற ஒரே கேள்விதான். உலோகவியல் ஆய்வுக்கூடத்தில் காலம் தள்ளியவள் என்பதால் என்னிடம் அதை எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் தடிமன், அகலம், எடை, அடுப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. அடிபிடிப்பதும் ஒட்டிக்கொள்வதும் கை வலிப்பதும் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. எனவே கேட்காததற்கும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

தனிக்குடித்தனம் வந்திருக்கிறோம். 12 உருப்படிகள் கொண்ட எவர்சில்வர் செட் தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கிவிடலாமா அக்கா?
– புதுக்குடித்தனக்காரி

வேண்டாம். முதலில் அந்த 12-ல் மூடிகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்களா என்று பாருங்கள். நிச்சயம் எண்ணியிருப்பார்கள். மூடிகளைக் கழித்தால் ஏழு தேறும். அதில் தினமும் அடுப்பில் ஏறப்போவது மூன்று. மிச்சமெல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய் மேல் தட்டில் தூங்கும்.

ஒரு தாளை எடுத்து, ஒரு வாரம் நீங்கள் இருவரும் என்ன சமைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். சமைக்க ஆசைப்படுவதை அல்ல, உண்மையிலேயே சமைப்பதை. வதக்குவது, கொதிக்க வைப்பது, கொஞ்சமாக எதையாவது சூடாக்குவது என்ற மூன்று வேலைக்குள் பெரும்பாலும் எல்லாம் அடங்கிவிடும். வதக்குவதற்கு 24 முதல் 26 செ.மீ. அகலத்தில் அடிகனமான வாணலி ஒன்று. கொதிக்க வைக்க 4 அல்லது 5 லிட்டர் பிடிக்கிற, மூடியுள்ள பாத்திரம் ஒன்று. பால் காய்ச்ச, முட்டை வேக வைக்க ஒன்றரை லிட்டர் பாத்திரம் ஒன்று. இவற்றோடு குடித்தனத்தை ஆரம்பியுங்கள். நாலாவது பாத்திரத்தை, "அது மட்டும் இருந்தால்..." என்று அடிக்கடி அலுத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். அப்போது எது வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கடையில் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தூக்குங்கள். முக்கால்வாசி நிரம்பியிருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு கையால் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால் இன்னும் நல்லது. காலிப் பாத்திரமே மணிக்கட்டை இழுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கைப்பிடியையும் ஆட்டிப் பாருங்கள். உள்ளே ரிவெட் (அடித்து இறுக்கிய ஆணி) தலை தெரிந்தால் அதைச் சுற்றிப் பிசுக்கு சேரும், தேய்க்க வேண்டும். ஆனால் பிடி லேசில் கழலாது. ஸ்க்ரூ போட்ட பிடி ஆடினால் வீட்டிலேயே முடுக்கிக்கொள்ளலாம். கனமான பாத்திரத்துக்கு நான் ரிவெட் பக்கம்.

அப்புறம், அடியில் 18/8 அல்லது 18/10 என்று பொறித்திருப்பார்கள். முதல் எண் குரோமியம் எத்தனை சதவீதம் என்பது, இரண்டாவது நிக்கல். துருப்பிடிக்காமல் காப்பது குரோமியம். நிக்கல் 8 ஆக இருந்தாலும் 10 ஆக இருந்தாலும் சமையலில் ஒரு வித்தியாசமும் தெரியாது, விலையில்தான் தெரியும்.

பால் காய்ச்சும்போதெல்லாம் அடியில் வட்டமாகப் பிடித்துக்கொள்கிறது. பாத்திரம் கெட்டுப்போய்விட்டதா?
– பால் பாத்திரம் தேய்த்தே களைத்தவர்

கெடவில்லை. பாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு அந்தக் கறையை வெளிச்சத்தில் பாருங்கள். நடுப்பகுதி ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். அந்த வளையத்திலும் சில இடங்கள் திட்டுத் திட்டாகக் கூடுதலாகக் கறுத்திருக்கும். பாத்திரத்தை அணைத்த பர்னரின் மேல் வைத்து ஒப்பிட்டால் வளையத்தின் அகலமும் பர்னரின் அகலமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். நெருப்பு எங்கே தொட்டதோ அங்கேயே பால் தீய்ந்திருக்கிறது. சூடு பக்கத்து இடத்துக்கு நகரவே இல்லை.

எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அது கடத்துவதை 1 என்று வைத்துக்கொண்டால், வார்ப்பிரும்பு சுமார் 3, அலுமினியம் சுமார் 15, செம்பு சுமார் 25. ஆகவே மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் நெருப்பு பட்ட இடம் கொதிக்கும், இரண்டு விரல் தள்ளி வெதுவெதுப்பாக இருக்கும். தீயைக் குறைத்தாலும் வளையம் அதே வளையம்தான், பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவே.

இதற்காகத்தான் எவர்சில்வருக்கு அடியில் அலுமினியத் தகடு வைத்து மூடுகிறார்கள். அடிப்பகுதியில் மட்டும் தகடு இருந்தால் சாண்ட்விச் அடி. பக்கச் சுவர் வரை மூன்று அடுக்காக ஏறினால் ட்ரைப்ளை. கொதிக்க வைக்கிற வேலைக்குச் சாண்ட்விச் அடியே தாராளம். தண்ணீர் தானே சுழன்று சூட்டைப் பரப்பிக்கொள்ளும். ட்ரைப்ளைக்கு வாணலியில்தான் அர்த்தம் உண்டு, ஏனென்றால் வதக்கும்போது சரிந்த சுவரிலும் பொருள் படுகிறது. சாண்ட்விச் அடி வாங்கினால் கவிழ்த்துப் பார்த்து, தகடு பாத்திரத்தின் ஓரம் வரை வருகிறதா என்று கவனியுங்கள். தகடு சிறிதாகவும் பர்னர் பெரிதாகவும் இருந்தால் நெருப்பு தகட்டைத் தாண்டி மெல்லிய சுவரில் அடிக்கும். உங்கள் வளையம் இடம் மாறி ஓரத்துக்குப் போகும்.

அடியில் செம்பு நிறத்தில் பளபளக்கும் பாத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் அது முலாம் மட்டுமே. அத்தனை மெல்லிய செம்பு சூட்டை எங்கும் கொண்டுபோகாது, பார்க்க அழகாக இருக்கும்.

எவர்சில்வர் வாணலியில் முட்டை ஒட்டாமல் வருமா? வரும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.
– நம்பாதவர்

வரும். நம்ப வேண்டாம், செய்து பாருங்கள்.

வாணலியை எண்ணெய் இல்லாமல் நடுத்தரத் தீயில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். விரல் நுனியில் தண்ணீர் தொட்டு ஒரு சொட்டுத் தெறியுங்கள். சட்டென்று பரவி "சுர்" என்று ஆவியானால் இன்னும் சூடு போதாது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தெறியுங்கள். ஒரு கட்டத்தில் சொட்டு பரவாது. பாதரசக் குண்டு மாதிரி உருண்டு, வாணலி முழுக்க வழுக்கிக்கொண்டு ஓடும். சொட்டுக்கு அடியில் உருவான ஆவியே அதைத் தாங்கிப் பிடிக்கிறது. லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1756-ல் இதை விவரித்து எழுதினார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அந்த நிலையில் வாணலியின் சூடு 200 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்.

முட்டைக்கு அது அதிகம். அதனால் தீயைக் குறைத்துச் சிறிது நேரம் விட்டு, எண்ணெய் ஊற்றி, வாணலியைச் சுழற்றி எல்லா இடத்திலும் படவிட்டு, எண்ணெயில் மெல்லிய அலை தெரிந்ததும் முட்டையை உடைத்து ஊற்றுங்கள். இங்கேதான் எல்லோரும் கெடுக்கிறார்கள்: ஊற்றிய மறு விநாடி கரண்டியை விட்டுக் கிளறுவார்கள். தொடாதீர்கள். முதலில் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். அடிப்பக்கம் வெந்து இறுகியதும் ஓரம் தானாகவே எழும்பும். அப்போது மெல்லிய கரண்டியை உள்ளே விட்டால் வழுக்கிக்கொண்டு வரும். மீனுக்கும் இதே கதைதான், தோலை ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும், அவ்வளவே கூடுதல்.

தினமும் காலையில் அவசரத்தில் முட்டை போடுகிறவருக்கு இத்தனை சடங்கும் அலுப்பு என்றால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். சின்னதாக ஒரு நான்ஸ்டிக் வைத்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை.

நான்ஸ்டிக் வாணலியில் கீறல் விழுந்துவிட்டது. பூச்சு வயிற்றுக்குள் போனால் விஷமா? குழந்தைகள் இருக்கிற வீடு. பயமாக இருக்கிறது.
– இரு குழந்தைகளின் தாய்

பயத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி வைக்க வேண்டும். நீங்கள் பயப்படுகிற இடத்தில் ஆபத்து குறைவு, பயப்படாத இடத்தில் இருக்கிறது.

அந்தப் பூச்சின் பெயர் பிடிஎஃப்இ. 1938-ல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் ஒரு வாயு உருளையைத் திறந்தார், வாயு வரவில்லை. எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக வழுவழுப்பான தூள். எதோடும் ஒட்டாத, எந்த அமிலத்துக்கும் எளிதில் மசியாத பொருள். அதைச் சமையல் பாத்திரத்தில் ஒட்ட வைத்தது 1950-களில் மார்க் கிரெகுவார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். எதோடும் வினைபுரியாத பொருள் என்பதால் ஒரு துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் வந்த வழியே வெளியேறிவிடும். உடல் அதைச் செரிப்பதில்லை.

ஆபத்து சூட்டில் இருக்கிறது. சுமார் 260 டிகிரி வரை அந்தப் பூச்சு தாங்கும். அதைத் தாண்டினால் மெல்லச் சிதைய ஆரம்பிக்கும், 350 டிகிரியை நெருங்கினால் புகை மனிதருக்கே காய்ச்சல், இருமல் வரவழைக்கும். கூண்டுப் பறவைகள் அந்தப் புகையில் செத்தே போகும், பறவை வளர்க்கிற வீடு என்றால் நான்ஸ்டிக் வேண்டவே வேண்டாம் என்பேன். எண்ணெயோ பொருளோ உள்ளே இருக்கும்வரை சாதாரணச் சமையலில் அந்தச் சூடு வராது. காலி வாணலியைப் பெரிய தீயில் வைத்துவிட்டுத் தொலைபேசி எடுக்கப் போனால் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். முந்தின பதிலில் சொன்ன தண்ணீர்ச் சொட்டு விளையாட்டு நான்ஸ்டிக்குக்குக் கிடையாது, அதை மறந்துவிடாதீர்கள்.

"பிஎஃப்ஓஏ இல்லாதது" என்று பெட்டியில் போட்டிருப்பது வேறு விஷயம். பிஎஃப்ஓஏ என்பது பூச்சைத் தயாரிக்கும்போது பயன்பட்ட ஒரு துணைப்பொருள். தொழிற்சாலைகளைச் சுற்றியிருந்த நீரையும் மண்ணையும் கெடுத்தது அதுதான். 2019-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் (நெடுங்காலம் சிதையாத நச்சுப்பொருள்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். அது இல்லை என்பதால் பிடிஎஃப்இ இல்லை என்று பொருளாகாது. செராமிக் பூச்சு என்று விற்பதில் பிடிஎஃப்இ கிடையாது, சிலிக்கா சார்ந்த பூச்சு. சூடு கூடுதலாகத் தாங்கும். ஆனால் வழுக்குகிற குணம் சீக்கிரம் போய்விடும்.

உங்கள் வாணலியில் ஒன்றிரண்டு மெல்லிய கோடுகள்தான் என்றால் ஓட்டலாம். அடியிலிருக்கும் உலோகம் தெரிந்தால், பூச்சு உரிந்து சுருண்டால், மாற்றிவிடுங்கள். விஷம் என்பதற்காக அல்ல, ஒட்டாமல் இருப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை, அதையும் இனிச் செய்யாது. புதியது வாங்கினால் மரக்கரண்டி போடுங்கள், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் நடுவில் துணி வையுங்கள், ஸ்ப்ரே எண்ணெய் வேண்டாம். அது பிசின்போல் படிந்து பூச்சையே ஒட்டும்படி ஆக்கிவிடும்.

இரும்பு வாணலியைச் சோப்பு போட்டுக் கழுவலாமா? எனக்கும் மாமியாருக்கும் இதில் சண்டை.
– கழுவுகிற கட்சி

கழுவலாம். ஊற வைக்கக்கூடாது. ஆளுக்குப் பாதி வெற்றி.

வாணலியின் கறுப்பு மெருகு வெறும் எண்ணெய்ப் பிசுக்கு அல்ல. சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு பிடித்துக்கொண்ட படலம். காரம் மிகுந்த அந்தக்காலச் சோப்பு அதை அரிக்கும், இந்தக்காலப் பாத்திரத் திரவம் ஒன்றும் செய்யாது. கழுவியதும் துடைத்து, அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து ஈரத்தைப் போக்கி, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, தடவியதையும் துணியால் துடைத்தெடுத்துவிடுங்கள். எண்ணெய் மிச்சம் நின்றால் பிசுபிசுவென்று ஆகும்.

தக்காளியை இரும்பில் சமைத்தேன், கறுத்துப்போய் ஒருமாதிரி ருசி. ஆனால் இரும்புச் சத்து கிடைக்கிறது என்று என் கணவர் எல்லாவற்றையும் வார்ப்பிரும்புக்கு மாற்றச் சொல்கிறார். அது சூட்டைச் சமமாகப் பரப்புமாமே?
– கை வலிக்காரி

மூன்று விஷயம் சொல்கிறீர்கள். அதில் இரண்டில் அவர் சொல்வதற்கு எதிராகத்தான் நான் நிற்பேன்.

சத்து சேர்வது உண்மை. புளிப்பான பொருளை ஈரத்தோடு நெடுநேரம் வேகவைத்தால் இரும்பு நன்றாகவே இறங்குகிறது. அந்தக் கறுப்பும் ருசியும் அதுதான். மெருகு ஏறாத புது வாணலியில் அதிகம் இறங்கும், பழகிய வாணலியில் குறைவு. ஆனால் இரத்தசோகைக்கு வாணலியை நம்பி மருத்துவரை விடக்கூடாது. உடலில் இரும்பு தேங்குகிற நோய் இருப்பவர்கள் இதைத் தவிர்க்கத்தான் வேண்டும். தக்காளியை எவர்சில்வருக்கு மாற்றுங்கள், ருசி திரும்பிவிடும்.

சமமாகப் பரப்பும் என்பது தவறு. மேலே கணக்குச் சொன்னேனே, அது சூட்டைக் கடத்துவது அலுமினியத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். வார்ப்பிரும்பின் திறமை சூட்டைப் பிடித்து வைத்திருப்பது. கனமாக இருப்பதால் நிறையச் சூட்டை வாங்கிக்கொள்ளும், குளிர்ந்த பொருளைப் போட்டாலும் சட்டென்று இறங்காது. பொன்னிறமாக வறுக்க அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதற்கு மெதுவாக, சின்னத் தீயில் நிறைய நேரம் கொடுத்துச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் தீயும், ஓரத்தில் வேகாது.

எல்லாவற்றையும் மாற்றுவது பற்றி: அவரையே ஒரு வாரம் அதைத் தூக்கி, சாய்த்து, கழுவி, துடைத்து வைக்கச் சொல்லுங்கள். தகட்டிரும்பு வாணலி என்று ஒன்று உண்டு, பழகப் பழக அதே மெருகு ஏறும், எடை குறைவு. உங்கள் கைக்கு அதுதான் சரி.

அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் ஞாபக மறதி நோய் வருமா?
– பழைய பாத்திரம் வைத்திருப்பவர்

பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தும் அலுமினியப் பாத்திரம்தான் அந்த நோய்க்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. உடலுக்குள் போகிற அலுமினியத்தில் மிகச் சிறு பகுதிதான் குடலைத் தாண்டும், அதையும் நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-ல் வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம். புளிப்பானதை மட்டும் அதில் சமைக்காதீர்கள், சமைத்ததை அதிலேயே இரவு முழுக்க வைக்காதீர்கள். சிறுநீரக நோயாளி வீட்டில் இருந்தால் வேறு பாத்திரத்துக்கு மாறிவிடுங்கள். ஹார்ட் அனோடைஸ்டு என்று சாம்பல் நிறத்தில் வருவது அதே அலுமினியம்தான், மேற்பரப்பை மின்வேதி முறையில் கெட்டியான ஆக்சைடாக மாற்றியிருப்பார்கள். அதில் இந்தக் கவலை வெகுவாகக் குறையும்.

எனக்கு நிஜமாகக் கவலை தருவது வேறு. கழிவு உலோகங்களை உருக்கி வார்த்த, யார் செய்தது என்றே தெரியாத பாத்திரங்கள். அவற்றில் ஈயம் (காரீயம்) கலந்திருக்கலாம். ஈயத்துக்குக் குழந்தைகளின் மூளையில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. தயாரிப்பாளர் பெயர் இல்லாத, கரடுமுரடாக வார்த்த பாத்திரம் எத்தனை மலிவாக இருந்தாலும் வேண்டாம். மேலே பளபளவென்று மெழுகிய, எங்கே செய்தது என்று தெரியாத மண்சட்டிக்கும் இதே எச்சரிக்கை, அந்த மெருகில் ஈயம் இருக்கலாம். மெருகில்லாத மண்சட்டி தாராளமாக வாங்கலாம்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுகிறோம். எல்லாப் பாத்திரத்தையும் தூக்கிப் போட வேண்டுமா?
– மாறப்போகிறவர்

ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறங்கள். அடியில் டக்கென்று ஒட்டினால் இருக்கட்டும். ஒட்டாவிட்டால், அல்லது மெல்ல ஒட்டிச் சரிந்தால், வேலைக்கு ஆகாது. இரும்பு எல்லாம் தேறும். செம்பு, வெறும் அலுமினியம் தேறாது. நல்ல ரகம் என்று நாம் கொண்டாடுகிற 18/8 எவர்சில்வரும் காந்தத்துக்கு அசையாது, அடியில் காந்தமேறும் தகடு வைத்திருந்தால்தான் சூடாகும். அடி தட்டையாகவும் இருக்க வேண்டும். இந்த அடுப்பு வெகு வேகமாகச் சூடேற்றும், அதனால் நான்ஸ்டிக்கை முழு வேகத்தில் காலியாக வைக்காதீர்கள்.

செம்புப் பாத்திரத்தில் சமைக்கலாமா?
– ஆசைப்படுபவர்

உட்புறம் வெள்ளீயமோ எவர்சில்வரோ பூசியிருந்தால் சமைக்கலாம், பரமசுகம். வெறும் செம்பில் புளிப்பு பட்டால் செம்பு இறங்கி வயிற்றைப் புரட்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காலியாக அடுப்பில் வைத்தால் பூச்சு முத்து முத்தாகத் திரண்டுவிடும்.

புது எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள், பக்கத்தில் வானவில் நிறம். ஏமாற்றிவிட்டார்களா?
– கோபக்காரர்

வானவில் நிறம் அதிகச் சூட்டில் வருவது, தீங்கில்லை, வினிகரில் துடைத்தால் போய்விடும். குழிகள் போகாது. ஆறிய தண்ணீரில் உப்பைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிறீர்களா? அடியில் தங்கிய உப்புக்கல் அந்த இடத்தை அரிக்கும். தண்ணீர் கொதித்தபின் போட்டுக் கலக்குங்கள். இருக்கிற குழிகளோடு பாத்திரம் நன்றாகவே உழைக்கும், கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

மூடி கண்ணாடியில் வாங்கலாமா, எவர்சில்வரிலா?
– இன்னும் முடிவெடுக்காதவர்

அடிக்கடி திறந்து பார்க்கிற ஆள் என்றால் கண்ணாடி. சூடாக இருக்கும்போது குழாயடியில் நீட்டுகிற ஆள் என்றால் எவர்சில்வர். இரண்டும் என்றால் எவர்சில்வர்தான். உங்கள் வாணலிக்கும் பெரிய பாத்திரத்துக்கும் ஒரே அகலம் இருக்கும்படி பார்த்து வாங்கினால் ஒரு மூடியே போதும்.